ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவரின் குடும்பத்தாருக்கு விசா தேவையா? தெரிந்திருக்க வேண்டிய உரிமைகள்

ஜெர்மனியில் ஒரே தெருவில் இரண்டு தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் கணவர் நெதர்லாந்துக் குடிமகன். வேலைக்காக ஜெர்மனிக்கு வந்தவர். மனைவியிடம் இந்திய பாஸ்போர்ட். இரண்டாவது வீட்டில் கணவர் ஜெர்மன் குடிமகன். அவருடைய மனைவியிடமும் இந்திய பாஸ்போர்ட்தான். அயர்லாந்தில் இருக்கும் உறவினர் ஒருவர் வஃபாத்தாகிவிட்டதாக இரவு தகவல் வருகிறது. ஜனாஸாவுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் மறுநாள் காலை விமானத்தைப் பிடிக்க வேண்டும். அயர்லாந்து ஷெங்கன் பகுதியில் சேராத நாடு. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் அங்கே போகத் தனி விசா எடுக்க வேண்டும்.

முதல் வீட்டுப் பெண், தம் கையில் இருக்கும் ஜெர்மன் குடியிருப்பு அட்டையைக் காட்டி, கணவருடன் விசா இல்லாமலே போகலாம். இரண்டாவது வீட்டுப் பெண் போக முடியாது. ஜெர்மன்காரரையே மணந்தவருக்கு இல்லாத உரிமை, வெளியிலிருந்து வந்த நெதர்லாந்துக்காரரை மணந்தவருக்கு இருக்கிறது. கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் ஐரோப்பியச் சட்டம் இப்படித்தான் இருக்கிறது. இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால், நம் குடும்பங்கள் தேவையில்லாமல் கட்டும் விசா கட்டணமும், விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படும் அவமானமும் பெருமளவு குறையும்.

எந்தச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது?

ஐரோப்பிய ஒன்றியம் 2004 ஏப்ரல் 29 அன்று இயற்றிய 2004/38 எண்ணுள்ள சட்டம் (ஐரோப்பிய வழக்கில் இதை டைரக்டிவ் என்பார்கள்) இதற்கு அடிப்படை. ஒன்றிய நாடு ஒன்றின் குடிமக்கள் மற்ற ஒன்றிய நாடுகளுக்குச் சென்று வசிக்கவும் வேலை செய்யவும் உள்ள சுதந்திரத்தை இது வரையறுக்கிறது. மனைவி மக்களை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றால் அந்தச் சுதந்திரத்தால் பயன் இல்லை. ஆகவே, குடும்பத்தினர் எந்த நாட்டு பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், அந்தக் குடிமகனுடன் செல்லவும் அவரிடம் சென்று சேரவும் அவர்களுக்கும் உரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறது.

ஒன்றியத்தின் 27 நாடுகளிலும், அவற்றுடன் நார்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைன் ஆகிய மூன்று நாடுகளிலும் இந்தச் சட்டம் செல்லும். சுவிட்சர்லாந்து ஒன்றியத்துடன் தனி ஒப்பந்தம் செய்துகொண்டுள்ளது. பிரிட்டன் இப்போது இதில் இல்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதல் நிபந்தனை: குடிமகன் எல்லை தாண்டியிருக்க வேண்டும்

பெரும்பாலான குழப்பங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. இந்தச் சட்டம், தன் சொந்த நாட்டைத் தவிர வேறோர் ஒன்றிய நாட்டுக்குச் செல்லும் அல்லது அங்கே வசிக்கும் குடிமகனுக்கும் அவருடைய குடும்பத்துக்கும் உரியது. ஜெர்மன்காரர் ஜெர்மனியிலேயே வசித்தால் அவருடைய மனைவியின் குடியிருப்பு ஜெர்மனியின் உள்நாட்டுச் சட்டப்படி முடிவாகும். நெதர்லாந்துக்காரர் ஜெர்மனியில் வசித்தால் அது ஒன்றியச் சட்டத்தின் கீழ் வரும்.

நம்மவர்களில் காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள கணவர் தம் இந்திய மனைவியை பிரான்சுக்கு அழைத்துச் சென்று குடியேறினால், அது பிரெஞ்சுச் சட்டப்படி நடக்கும். அதே தம்பதியர் ஸ்பெயினுக்கோ பெல்ஜியத்துக்கோ சேர்ந்து போனால், அது இரண்டு வாரப் பயணமாக இருந்தாலும், 2004/38 சட்டம் பொருந்தும். குடிமகன் ஐரோப்பாவில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை. காரைக்காலிலேயே வசிக்கும் பிரெஞ்சுக் குடிமகன் மனைவியோடு ஸ்பெயினுக்குப் புறப்பட்டாலும் இதே விதிதான்.

வேறு நாட்டில் வாழ்ந்துவிட்டுச் சொந்த நாட்டுக்குத் திரும்புபவர்களுக்கும் ஒரு வழி உண்டு. இதற்கு அடிப்படை ஓர் இந்தியரின் வழக்கு. சுரிந்தர் சிங் என்பவர் 1982இல் பிரிட்டிஷ் பெண் ஒருவரை மணந்தார். இருவரும் 1983 முதல் 1985 வரை ஜெர்மனியில் வேலை செய்துவிட்டு பிரிட்டன் திரும்பினர். லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 1992இல், இப்படித் திரும்பி வரும் குடிமகனின் மனைவிக்கோ கணவருக்கோ, வேறொரு நாட்டுக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் உரிமைகள் சொந்த நாட்டிலும் கிடைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிறகு 2014இல், வார இறுதிகளில் போய்வந்தது போதாது, மூன்று மாதத்துக்கு மேல் உண்மையாகவே குடும்பமாக வாழ்ந்திருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் விளக்கியது.

குடும்பத்தினர் என்றால் யார்?

சட்டம் நேரடியாக உரிமை தரும் குடும்பத்தினர் இவர்கள்:

- கணவர் அல்லது மனைவி.
- 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 21 வயதைக் கடந்திருந்தாலும் இவர்களைச் சார்ந்து வாழும் பிள்ளைகள். மனைவிக்கு அல்லது கணவருக்கு முன் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளும் இதில் அடக்கம்.
- இவர்களைச் சார்ந்து வாழும் தாய், தந்தை, பாட்டன், பாட்டி; துணைவரின் தாய் தந்தையும் சேர்த்து.
- திருமணத்துக்கு இணையாகப் பதிவு செய்யப்பட்ட துணை உறவை ஏற்கும் நாடுகளில், அந்த உறவில் இருப்பவர்.

பெற்றோர் விஷயத்தில் “சார்ந்து வாழும்” என்ற சொல் முக்கியமானது. அவர்கள் தாங்கள் வசிக்கும் ஊரில் அடிப்படைத் தேவைகளுக்கு மகனின் அல்லது மகளின் உதவியை நம்பியிருக்கிறார்கள் என்பதைக் காட்ட வேண்டும். மாதந்தோறும் வங்கி வழியாக அனுப்பிய பணத்தின் பதிவுகள் இதற்கு நல்ல சான்று. கையில் கொடுத்தனுப்பிய பணத்துக்குச் சான்று இருக்காது. வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அனுப்பும் பணத்தை அவர்கள் பெயரிலுள்ள கணக்குக்கு அனுப்பி வருவது பிற்காலத்தில் உதவும்.

அண்ணன், தம்பி, வளர்ப்புப் பிள்ளை

உடன்பிறந்தவர்கள் மேலே சொன்ன பட்டியலில் இல்லை. ஆனால் முற்றிலும் கைவிடப்படவும் இல்லை. குடிமகனைச் சார்ந்து வாழும் பிற உறவினர்கள், அவருடன் முன்பு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள், கடும் நோயால் அவருடைய நேரடிக் கவனிப்பு தேவைப்படுபவர்கள் ஆகியோரின் வருகைக்கு நாடுகள் வசதி செய்து தர வேண்டும் என்று சட்டத்தின் 3ஆவது பிரிவு சொல்கிறது. ஐரிஷ் பெண்ணை மணந்த வங்காளதேசத்தவர் ஒருவர் தம் சகோதரர்களையும் உறவினரையும் பிரிட்டனுக்கு அழைக்க முயன்ற ரஹ்மான் வழக்கில் 2012இல் தீர்ப்பு வந்தது. இத்தகைய உறவினர் எல்லோரையும் அனுமதித்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனியாக ஆராய்ந்து, மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம்.

நம் குடும்பங்களை நேரடியாகத் தொடும் இன்னொரு தீர்ப்பு 2019 மார்ச்சில் வந்தது. பிரிட்டனில் வசித்த பிரெஞ்சுத் தம்பதியர், அல்ஜீரியாவில் கஃபாலா முறைப்படி ஒரு பெண் குழந்தையைப் பொறுப்பேற்றிருந்தார்கள். இஸ்லாமியச் சட்டத்தில் கஃபாலா என்பது பராமரிக்கும் பொறுப்பு மட்டுமே. வம்சாவழியை மாற்றும் தத்து அல்ல. அதனால் அந்தக் குழந்தையை “நேரடி வாரிசு” என்று கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். ஆனால் 3ஆவது பிரிவின் “பிற குடும்பத்தினர்” வகையில் அவளைச் சேர்க்க வேண்டும், குழந்தையின் நலனை முதன்மையாக வைத்து, பொறுப்பேற்றவர்களுடன் வாழ அனுமதிப்பதைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் சொன்னது. யத்தீம் பிள்ளைகளைப் பொறுப்பேற்று வளர்க்கும் குடும்பங்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாய்மொழி ஏற்பாடு போதாது. நீதிமன்றமோ உரிய அதிகாரியோ வழங்கிய ஆவணம் இருந்தால்தான் பேச்சே தொடங்கும்.

எந்த அட்டை இருந்தால் விசா வேண்டாம்?

சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி, ஒன்றியக் குடிமகனின் குடும்பத்தினர் என்ற முறையில் வழங்கப்பட்ட குடியிருப்பு அட்டை செல்லுபடியாகும் நிலையில் இருந்தால், மற்ற ஒன்றிய நாடுகளுக்குள் நுழைய விசா தேவையில்லை. இதை 10ஆவது பிரிவு அட்டை என்பார்கள். ஐந்து ஆண்டு சட்டப்படி வசித்த பின் கிடைக்கும் நிரந்தரக் குடியிருப்பு அட்டை 20ஆவது பிரிவு அட்டை எனப்படும். அதற்கும் இதே பலன் உண்டு.

ஐரோப்பாவில் வழங்கப்படும் எல்லாக் குடியிருப்பு அட்டைகளும் இந்த வகை அல்ல என்பதே சிக்கல். வேலை அட்டை, மாணவர் அட்டை, அந்நாட்டுக் குடிமகனை மணந்ததற்காக உள்நாட்டுச் சட்டப்படி கிடைத்த அட்டை ஆகியவை வேறு. ஜெர்மனியில் முதல் வீட்டுப் பெண்ணிடம் இருப்பதன் பெயர் அவ்ஃபென்ட்ஹால்ட்ஸ்கார்ட்டே. இரண்டாவது வீட்டுப் பெண்ணிடம் இருப்பது அவ்ஃபென்ட்ஹால்ட்ஸ்எர்லாவ்ப்னிஸ். பெயரில் சிறு வேறுபாடுதான், பலனில் பெரிய வேறுபாடு.

2021 ஆகஸ்டு முதல் இந்த அட்டைகள் எல்லா நாடுகளிலும் ஒரே வடிவில் வழங்கப்படுகின்றன. அட்டையில் “ஃபேமிலி மெம்பர் ஈயூ ஆர்ட் 10” அல்லது “ஆர்ட் 20” என்றும், அதன் பின் 2004/38 என்ற எண்ணும் அச்சாகியிருக்கும். உங்கள் அட்டையில் அந்த எண் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

இந்த அட்டையைக் கொண்டு விசா இல்லாமல் செல்ல இரண்டாவது நிபந்தனை ஒன்றும் உண்டு: ஒன்றியக் குடிமகன் உடன் வர வேண்டும், அல்லது முன்பே அங்கே போயிருக்க, நீங்கள் அவரிடம் சென்று சேர வேண்டும். தனியாகப் போவது வேறு விஷயம். ஷெங்கன் நாடு வழங்கிய அட்டை உள்ளவர் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாட்களில் 90 நாட்கள் வரை தனியாகவும் போகலாம். அது ஷெங்கன் விதி தரும் வசதி. ஆனால் ஜெர்மன் அட்டை உள்ளவர் கணவர் இல்லாத அயர்லாந்துக்குத் தனியாகப் போக விசா எடுக்க வேண்டும். அயர்லாந்து அட்டை உள்ளவர் தனியாக பிரான்சுக்குப் போகவும் அப்படியே.

நீதிமன்றம் உறுதி செய்தவை

இந்த உரிமை காகிதத்தில் மட்டும் இருப்பதல்ல. ஸ்பெயினின் மார்பெல்லாவில் வசித்த மெக்கார்த்தி என்பவர் பிரிட்டிஷ், ஐரிஷ் இரட்டைக் குடியுரிமை உள்ளவர். அவருடைய மனைவி கொலம்பியாவைச் சேர்ந்தவர். மனைவியிடம் ஸ்பெயின் வழங்கிய 10ஆவது பிரிவு அட்டை இருந்தும், பிரிட்டன் போகும்போதெல்லாம் தனி நுழைவு அனுமதி கேட்டார்கள். அதற்காக அவர் மாட்ரிட் வரை போய் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. சிலர் போலித் திருமணம் செய்கிறார்கள் என்ற பொதுவான சந்தேகத்தைக் காட்டி எல்லோரிடமும் முன் அனுமதி கேட்க முடியாது என்று 2014 டிசம்பர் 18 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2020 ஜூனில் வந்த தீர்ப்பு விமான நிறுவனங்களுக்கானது. உக்ரைன் நாட்டவர் ஒருவர் பிரிட்டன் வழங்கிய நிரந்தரக் குடியிருப்பு அட்டையுடன் லண்டனிலிருந்து புடாபெஸ்ட் சென்றார். விசா இல்லாதவரை ஏற்றி வந்ததாகச் சொல்லி ரையன்ஏர் நிறுவனத்துக்கு ஹங்கேரி 3000 யூரோ அபராதம் விதித்தது. அந்த அட்டையே போதும். அதை வைத்திருப்பவர் குடும்ப உறுப்பினர்தானா என்று விமான நிறுவனம் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. அட்டை ஷெங்கனில் சேராத நாடு வழங்கியதாக இருந்தாலும் செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது.

அட்டை இல்லாதவர்களுக்கு: இலவச விசா

ஊரிலிருந்து முதன்முறை புறப்படும் மனைவியிடமோ பெற்றோரிடமோ அட்டை இருக்காது. இவர்களுக்கு நுழைவு விசா தேவை. ஆனால் அது சாதாரணச் சுற்றுலா விசா போன்றதல்ல.

- விசா கட்டணம் இல்லை. மற்றவர்கள் ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ கட்டுகிறார்கள். 2004/38 சட்டத்தின் கீழ் வரும் குடும்பத்தினர் கட்ட வேண்டியதில்லை.
- விரைவாக முடிவெடுக்க வேண்டும். சாதாரண விண்ணப்பத்துக்கே 15 நாட்கள்தான் விதி. குடும்பத்தினருக்கு அதைவிட முன்னுரிமை தரப்பட வேண்டும்.
- வங்கி இருப்பு, ஹோட்டல் முன்பதிவு, வேலைச் சான்று, அழைப்புக் கடிதம், பயணக் காப்பீடு ஆகியவற்றைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது. விண்ணப்பப் படிவத்தில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளை இவர்கள் நிரப்ப வேண்டியதில்லை.
- தூதரகத்தில் நேரடியாக விண்ணப்பிக்கும் உரிமை உண்டு. தனியார் விசா மையத்தின் வழியாகப் போவதை நீங்களே விரும்பித் தேர்ந்தெடுத்தால், அதன் சேவைக் கட்டணத்தைக் கட்ட வேண்டியிருக்கும்.

காட்ட வேண்டியவை நான்கு: செல்லுபடியாகும் பாஸ்போர்ட், குடிமகனின் பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டையின் நகல், உறவுக்கான சான்று, அவருடன் போகிறீர்கள் அல்லது அவரிடம் போகிறீர்கள் என்பதற்கான சான்று. உடன் செல்வதற்கு ஒரே முன்பதிவில் எடுத்த டிக்கெட் போதுமானது. சென்று சேர்வதற்கு அவருடைய வீட்டுப் பதிவுச் சான்று உதவும். பெற்றோருக்குச் சார்ந்து வாழ்வதற்கான சான்றும் சேர்ந்துகொள்ளும்.

விண்ணப்பிக்கும்போதே “ஒன்றியக் குடிமகனின் குடும்பத்தினர், 2004/38 சட்டம்” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சுற்றுலா விசா என்று விண்ணப்பித்துவிட்டுப் பிறகு உரிமை பேசுவது கடினம்.

நிக்காஹ் ஆவணமும் பெயர்களும்

திருமணம் எங்கே, எப்போது நடந்தது என்பது தடையல்ல. குடும்பத்தினர் முன்பே வேறோர் ஒன்றிய நாட்டில் சட்டப்படி வசித்திருக்க வேண்டும் என்று அயர்லாந்து விதித்திருந்த நிபந்தனையை, 2008 ஜூலையில் மெட்டாக் வழக்கில் நீதிமன்றம் செல்லாது என்றது. காயல்பட்டினத்தில் நடந்த நிக்காஹும், அக்கரைப்பற்றில் நடந்த நிக்காஹும் செல்லும். ஆனால் அது நடந்த நாட்டின் சட்டப்படி செல்லுபடியானது என்பதை ஆவணம் காட்ட வேண்டும்.

ஜமாஅத் தஃப்தரில் எழுதிய பதிவோடு பலர் நின்றுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத்தினரின் திருமணத்தையும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். 90 நாட்களுக்குள் செய்வது எளிது. அரசுப் பதிவாளர் தரும் சான்றே வெளிநாட்டில் எடுபடும். இலங்கையில் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் பதிவாளர் வழங்கும் சான்றிதழைப் பெற்றிருக்க வேண்டும். இந்திய ஆவணங்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும், இலங்கை ஆவணங்களுக்கு வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவின் உறுதிப்படுத்தலும் தேவைப்படலாம். போகும் நாடு எதை ஏற்கிறது என்பதை அதன் தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் வேறுபாடு நம்மிடம் அடிக்கடி வரும் சிக்கல். தஃப்தரில் “மு. பாத்திமா பீவி”, பாஸ்போர்ட்டில் “ஃபாத்திமா”, பிறப்புச் சான்றில் வேறோர் எழுத்துக்கூட்டல் என்றிருந்தால், இவர்கள் மூவரும் ஒருவரே என்று நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும். திருமணத்தைப் பதிவு செய்யும்போதே இரு பாஸ்போர்ட்டுகளையும் முன்னால் வைத்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். பின்னாளில் அவர்களை அழைக்க அதுதான் ஆதாரம்.

போலித் திருமணம் என்று நிரூபணமானால் எல்லா உரிமைகளும் பறிபோகும். கட்டாயத் திருமணத்துக்குப் பாதுகாப்பு இல்லை. ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் உள்ள திருமணங்களை ஏற்க வேண்டிய கடமை ஒன்றிய நாடுகளுக்கு இல்லை என்பதையும் தெரிந்திருக்க வேண்டும்.

விமான நிலையத்தில்

விசா இல்லாதவரை ஏற்றிவந்தால் அபராதம் என்ற பயம் விமான நிறுவனங்களுக்கு உண்டு. அதனால் கவுன்டரில் இருப்பவர் இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட்டைக் கண்டதும் விசா கேட்பது இயல்பு. கோபப்படாமல் அட்டையைக் காட்டி, அதிலுள்ள 2004/38 என்ற எண்ணைச் சுட்டிக்காட்டி, குடிமகனின் பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் கொடுங்கள். தயங்கினால் மேலதிகாரியைக் கேளுங்கள். அவர்களுடைய பயண விதிக் கணினிப் பதிவில் “குடும்பத்தினர் அட்டை” என்ற பிரிவைப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது. திருமணச் சான்றின் நகலும் மொழிபெயர்ப்பும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

எல்லையில் அட்டையைக் காட்டினால் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தக் கூடாது. தேவையான ஆவணம் கையில் இல்லை என்றாலும் உடனே திருப்பி அனுப்பிவிட முடியாது. ஆவணத்தை வரவழைக்கவோ உறவை வேறு வழியில் நிரூபிக்கவோ நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் இதை நம்பி ஆவணம் இல்லாமல் புறப்படாதீர்கள். எல்லைக் காவலரிடம் சென்று சேர்ந்தால்தான் இந்த வாய்ப்பைக் கேட்க முடியும். விமானத்தில் ஏறவே விடாவிட்டால் கேட்க வழியில்லை.

மூன்று மாதத்துக்கு மேல் தங்கினால்

முதல் மூன்று மாதத்துக்குப் பாஸ்போர்ட்டைத் தவிர வேறு நிபந்தனை இல்லை. அதற்கு மேல் தங்க, குடிமகன் வேலையில் அல்லது சொந்தத் தொழிலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் குடும்பத்துக்குப் போதிய வருமானமும் மருத்துவக் காப்பீடும் வேண்டும். அப்போது குடும்பத்தினர் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்ததற்கான சான்று உடனே தரப்பட வேண்டும். அட்டை ஆறு மாதத்துக்குள் வர வேண்டும். அது பொதுவாக ஐந்து ஆண்டு செல்லும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வேலை செய்ய உரிமை உண்டு. தனி அனுமதி தேவையில்லை.

மணமுறிவும் மரணமும்

இந்தப் பகுதியைப் பெண்கள் அவசியம் படிக்க வேண்டும். கணவன் மனைவி தனித்தனி வீட்டில் வாழ்வதால் மட்டும் உரிமை போய்விடாது. சட்டப்படி திருமணம் முறியும் வரை அவர் மனைவிதான். விவாகரத்து வழக்குத் தொடங்கும் முன் திருமணம் மூன்று ஆண்டு நீடித்து, அதில் ஓர் ஆண்டாவது அந்த நாட்டில் கழிந்திருந்தால் தொடர்ந்து வசிக்கலாம். பிள்ளைகளின் பொறுப்பு தாயிடம் இருந்தாலும், குடும்ப வன்முறைக்கு ஆளாகியிருந்தாலும் இந்தக் காலக் கணக்கு இல்லாமலே உரிமை தொடரும். கணவர் இறந்துவிட்டால், அதற்கு முன் ஓர் ஆண்டு அங்கே வசித்திருந்தவர் தொடர்ந்து இருக்கலாம். தம் செலவைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலையைக் காட்ட வேண்டியிருக்கும்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வழக்குத் தொடங்கும் முன்பே கணவர் அந்த நாட்டை விட்டுப் போய்விட்டால், மனைவியின் உரிமையும் அதோடு முடிந்துவிடக்கூடும் என்று 2015இல் குல்தீப் சிங் வழக்கில் நீதிமன்றம் கூறியது. எனவே உறவு முறியும் நிலை வந்தால், ஊரில் ஜமாஅத் பேசி முடிக்கும் வரை காத்திருக்காமல், வசிக்கும் நாட்டின் வழக்கறிஞரை உடனே பார்க்க வேண்டும்.

பிரிட்டன்

பிரான்ஸ், நெதர்லாந்து, டென்மார்க் நாடுகளின் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் பல முன்பு பிரிட்டனுக்கு இடம் மாறின. 2020 டிசம்பர் 31உடன் இந்தச் சட்டம் அங்கே முடிவுக்கு வந்தது. இப்போது ஒன்றிய நாட்டு அட்டையைக் காட்டி விசா இல்லாமல் பிரிட்டனுக்குள் போக முடியாது. பிரிட்டன் முன்பு வழங்கிய அட்டைகளைக் காட்டி ஒன்றிய நாடுகளுக்குள் வரவும் முடியாது. பிரிட்டிஷ் குடிமக்கள் ஒன்றியக் குடிமக்கள் அல்லர். அவர்களுடைய குடும்பங்களுக்குப் புதிதாக இந்த உரிமை கிடைக்காது. ஆனால் பிரிட்டனில் வசிக்கும் நெதர்லாந்துக்காரர் தம் இந்திய மனைவியோடு பிரான்சுக்குப் போனால், மனைவிக்கு மேலே சொன்ன இலவச, விரைவு விசா உரிமை இன்றும் உண்டு.

மறுத்தால் என்ன செய்வது?

விசாவையோ அட்டையையோ மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீடு செய்ய எங்கே போக வேண்டும், எத்தனை நாட்களுக்குள் போக வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். உறவு நிரூபிக்கப்படவில்லை, ஏமாற்று நடந்துள்ளது, அந்த நபரால் பொது ஒழுங்குக்கோ பாதுகாப்புக்கோ பொதுச் சுகாதாரத்துக்கோ உண்மையான ஆபத்து உள்ளது என்பவை போன்ற காரணங்களுக்காகவே மறுக்க முடியும். “திரும்பி வருவீர்கள் என்ற நம்பிக்கை இல்லை” என்பது சுற்றுலா விசாவுக்கான காரணம், இவர்களுக்குப் பொருந்தாது.

ஒன்றியத்தின் சொல்விட் என்ற சேவை, அரசு அலுவலகங்கள் இந்த உரிமைகளை மீறும்போது கட்டணமின்றித் தலையிட்டு, பத்து வாரத்துக்குள் தீர்வு காண முயல்கிறது. விளக்கம் மட்டும் வேண்டுமென்றால் யூரோப் டைரக்ட் சேவையை ஒன்றிய நாடுகளிலிருந்து 00 800 6 7 8 9 10 11 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். சொல்விட்டிடம் முறையிடுவதால் மேல்முறையீட்டுக் கெடு நீளாது என்பதை மறக்க வேண்டாம்.

புறப்படும் முன் ஒருமுறை சரிபார்க்க

1. குடிமகன் தன் சொந்த நாடல்லாத ஒன்றிய நாட்டில் வசிக்கிறாரா, அல்லது அங்கே பயணம் செய்கிறாரா?
2. அட்டையில் 2004/38 எண்ணும், 10 அல்லது 20 என்ற பிரிவும் உள்ளனவா? காலாவதியாகவில்லையே?
3. அவர் உடன் வருகிறாரா, அல்லது முன்பே அங்கே இருக்கிறாரா?
4. அட்டை இல்லையென்றால், இலவசக் குடும்ப விசாவுக்கு விண்ணப்பித்தாகிவிட்டதா?
5. திருமண, பிறப்புச் சான்றுகளில் பெயர்கள் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகின்றனவா?

ஜனாஸாவும் நிக்காஹும் விசா வரும்வரை காத்திருப்பதில்லை. அந்த இரவில் தேடி ஓடாமல் இருக்க, அட்டையையும் சான்றுகளையும் நிம்மதியாக இருக்கும் ஒரு நாளில் எடுத்துச் சரிபார்த்து, ஒரே உறையில் போட்டு வையுங்கள். இரண்டாவது வீட்டுப் பெண்ணைப் போன்ற நிலையில் இருப்பவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. கணவரோடு அயர்லாந்து செல்ல அவருக்கும் கட்டணமில்லாத, முன்னுரிமை உள்ள விசா கேட்கும் உரிமை உண்டு. அதை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.